பகானில் நனைந்த நந்தன வருஷம்

ஏப்ரல் 11, 2019, வியாழன் – யாங்கோன்

ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்ப்பவனுக்கு மார்ச் 31தான் வருஷக் கடைசி. அந்த வாரம் தூங்கிய ராத்திரிகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். அதை முடித்த கையோடு பத்து நாள் லீவு போட்டு பர்மா கிளம்பினேன். ஏப்ரல் நடுவில் இங்கே வருகிறவன் ஒன்று தண்ணீரில் நனைய ஆசைப்பட்டவன், இல்லை விவரம் தெரியாதவன் என்று வந்து இறங்கிய பிறகுதான் சொன்னார்கள். நான் இரண்டாம் வகை.

தங்கல் நண்பருடைய உறவினர் வீட்டில். அநோரதா சாலையில் 1871-இல் தமிழர்கள் கட்டிய காளி கோயிலிலிருந்து நடக்கிற தூரம். மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. படிக்கட்டு ஏணி மாதிரி செங்குத்தாக ஏறுகிறது. ஒவ்வொரு மாடியிலிருந்தும் தெருவுக்கு ஒரு கயிறு தொங்குகிறது, நுனியில் ஒரு கிளிப். கீழே இருந்து இழுத்தால் மேலே மணி அடிக்கும். பேப்பர், பால், தோசைப் பொட்டலம் எல்லாம் அந்தக் கிளிப்பில் மாட்டிக்கொண்டு மேலே போகின்றன. என் பெட்டியைத்தான் அப்படி ஏற்ற முடியவில்லை.

வீட்டில் மாமா, அத்தை, 24 வயதுப் பேரன். மாமா அரசுப் பள்ளியில் சரித்திர வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். மூன்று பேருக்குமே இரண்டு பெயர்கள், வீட்டுக்கு ஒரு தமிழ்ப் பெயர், வெளியே ஒரு பர்மியப் பெயர். மதியம் புளிக்குழம்பு, அப்பளம், அதோடு பாலாச்சாங். காய்ந்த இறாலைப் பொடித்து, பூண்டும் மிளகாயும் சேர்த்து எண்ணெயில் மொறுமொறுவென வதக்கியது. புளிக்குழம்புக்கு அதைத் தொட்டுக்கொண்டவன் இனி ஊறுகாயைத் திரும்பிப் பார்க்க மாட்டான்.

பழைய ராஜதானியான பகானுக்குப் போகிறேன் என்றதும் மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"மியாசெடி கல்வெட்டைப் பாத்துட்டு வாங்க. முப்பது வருஷம் அதைப் பாடம் நடத்தியிருக்கேன். பர்மியக் கணக்குல சொல்லிக் கொடுத்தேன், இங்கிலீஷ் கணக்குலயும் சொல்லிக் கொடுத்தேன். அந்த வருஷத்துக்கு நம்ம பேர் என்னன்னு ஒரு நாள்கூட யோசிச்சதில்லை. நீங்க கணக்குப் பிள்ளைதானே, கண்டுபிடிச்சுட்டு வாங்க."

கணக்குப் பிள்ளை என்று என்னைக் கடைசியாக அழைத்தவர் என் தாத்தா. சரி என்று ஒரு சின்ன நோட்டு வாங்கிக்கொண்டேன். 500 சியாட். நம் காசுக்கு 22, 23 ரூபாய் ஆகிறது.

ஏப்ரல் 12, வெள்ளி – யாங்கோன்

காலையில் மொஹிங்கா. வாழைத்தண்டும் மீனும் சேர்த்துக் காய்ச்சிய குழம்பில் அரிசி நூடுல்ஸ், மேலே பருப்பு வடையைப் பிய்த்துப் போடுகிறார்கள். தெருவோரத்தில், முழங்கால் உயரம்கூட இல்லாத பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்துதான் சாப்பிட வேண்டும். எழுந்திருக்கும்போது பக்கத்தில் இருந்தவர் கேட்காமலே கை கொடுத்துத் தூக்கிவிட்டார். என் வயிறு அவருக்குப் பழகிய வகை போலிருக்கிறது.

அத்தையோடு ஷ்வேடகோன் பகோடாவுக்குப் போனேன். தங்கத்தைப் பற்றி எல்லாரும் எழுதிவிட்டார்கள், நான் மூலைகளைப் பற்றிச் சொல்கிறேன். பகோடாவைச் சுற்றி எட்டு இடங்களில் கிழமைக்கு ஒன்றாகச் சின்னச் சின்ன புத்தர்கள். அவரவர் பிறந்த கிழமைக்கு முன்னால் நின்று கிண்ணம் கிண்ணமாகத் தண்ணீர் ஊற்றுகிறார்கள். வாரத்துக்கு ஏழு நாள்தானே, எட்டு எப்படி? புதன்கிழமையை நடுவில் வெட்டிவிட்டார்கள். முற்பகல் புதனுக்குத் தந்தமுள்ள யானை. பிற்பகல் புதனுக்குத் தந்தமில்லாத யானை, அதன் கிரகம் ராகு. பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது என்பது நம் பழமொழி. இவர்களுக்கு வாரத்துக்கு இரண்டு கிடைக்கிறது.

அத்தை வடமேற்கு மூலைக்குப் போய் ராகு யானைக்குத் தண்ணீர் ஊற்றினார். "உங்க மாமாவுக்காக. அவர் புதன் சாயங்காலம் பொறந்தவர். அதான் இந்தப் பிடிவாதம்."

வீடு திரும்பும் வழியில் ஒரு டீக்கடை. நடத்துகிற பாயின் முன்னோர்கள் ராமநாதபுரம் பக்கத்திலிருந்து வந்தவர்கள். பால் டீ 400 சியாட், வெறும் டீத்தண்ணீர் எவ்வளவு குடித்தாலும் இலவசம். நோட்டை விரித்து, மியாசெடி கல்வெட்டின் வருஷமான 1112-ஐ எல்லாக் கணக்கிலும் எழுதப் போகிறேன் என்றேன். எங்கள் ஹிஜ்ரியையும் போடுங்கள் என்றார் பாய். அதற்கு வெறுமனே கழித்தால் வராது, அவர்களுடைய வருஷம் 354 நாள்தான். நம்முடைய 32 வருஷத்துக்குள் அவர்களுக்கு ஏறக்குறைய 33 ஓடிவிடும். இரண்டு பேரும் பில் தாளின் பின்பக்கம் கணக்குப் போட்டோம். ஹிஜ்ரி 506, 1112 ஜூன் கடைசியில் தொடங்குகிறது. பாய் அந்தத் தாளைக் கல்லாவில் வைத்துக்கொண்டார். டீக்குக் காசு வாங்கவில்லை.

இரவு பஸ்ஸில் பகான். பேரனும் துணைக்கு வருகிறான், எனக்கு அவன் தம்பி. வாசலில் அத்தை, "நாலு நாளைக்கு ஒரு கடையும் திறந்திருக்காது, பிஸ்கட் வச்சுக்கங்க" என்றார். பெரியவர்கள் எப்போதும் சொல்வதுதானே என்று விட்டுவிட்டேன்.

ஏப்ரல் 13, சனி – பகான்

பஸ்ஸில் ஏசி கொடுத்த குளிரில் விறைத்துப்போய் விடிகாலையில் இறங்கினேன். எட்டு மணிக்கெல்லாம் வெயில் மண்டையைப் பிளக்கிறது. மதியம் 41 டிகிரி. பகான் வட்டாரத்துக்குள் நுழைய வெளிநாட்டுக்காரனுக்கு 25,000 சியாட், மின்சார ஸ்கூட்டர் வாடகை நாளுக்கு 8,000. தம்பி ஓட்ட, நான் பின்னால்.

மியின்கபா கிராமத்தில், மியாசெடி பகோடாவுக்குப் பக்கத்தில், கம்பிக் கூண்டுக்குள் நிற்கிறது கல். நான்கு முகமும் எழுத்து: பியூ, மோன், பாலி, பர்மியம். ஒரே செய்தி, நான்கு மொழிகளில். இதன் ஜோடிக் கல் பகான் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. செத்துப்போன பியூ மொழியை 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் படிக்க முடிந்ததே, மற்ற மூன்று முகமும் சாவியாக இருந்ததால்தான். 2015-இல் யுனெஸ்கோ உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்திருக்கிறது. கூண்டு வாசலில் பாட்டி ஒருவர் சுருட்டு பிடித்தபடி தாமரை விற்கிறார். அவருக்கும் கல்லுக்கும் ஒரே அளவு அவசரம்தான்.

கல் சொல்கிற கதை உருக்கமானது. கியான்சித்தா ராஜா சாகக் கிடக்கிறார். அவருடைய மகன் ராஜகுமாரன், பட்டம் கிடைக்காத மகன். அப்பா தனக்கும் தன் அம்மாவுக்கும் செய்த நன்மைகளை நினைத்து, அம்மாவின் நகைகளைக் கொண்டு பொன்னில் புத்தர் சிலை செய்து அப்பாவிடம் காட்டுகிறான். கூடவே மூன்று கிராமத்து அடிமைகளை அந்தச் சிலைக்கு எழுதி வைக்கிறான். அப்பா மனம் குளிர்ந்து, நல்லது, நல்லது என்று நீர் வார்த்துக் கொடுக்கிறார். அரசாட்சி பேரன் அலவுங்சித்துவுக்குப் போயிற்று. இந்தப் பையனுக்குக் கிடைத்தது ஒரு கோயிலும் ஒரு கல்லும்.

மாமா கேட்ட வருஷத்தைக் கல்லில் தேடினால், நேராக இல்லை. கல் சொல்வது இவ்வளவுதான்: புத்தர் பரிநிர்வாணம் அடைந்து 1628 வருஷம் கழிந்தபோது ஸ்ரீ திரிபுவனாதித்ய தம்மராஜா (கியான்சித்தாவின் பட்டப்பெயர்) அரிமர்த்தனபுரத்தில், அதாவது பகானில், அரசரானார்; 28 வருஷம் ஆண்டபின் நோயுற்றார். கூட்டிக்கொள்வது நம் பொறுப்பு. 1628-உம் 28-உம் 1656. பர்மியக் கணக்கில் புத்த வருஷத்துக்கும் கி.பி.க்கும் 544 வித்தியாசம். கழித்தால் 1112.

புத்தகங்களில் சிலர் 1112 என்பார்கள், சிலர் 1113 என்பார்கள். இதற்காகச் சண்டை போட ஒன்றுமில்லை. பழைய வருஷங்கள் ஜனவரியில் தொடங்குவதில்லை. நாங்கள் ஆபீஸில் 2018–19 என்று எழுதுவதுபோல 1112–13 என்று எழுதினால் தீர்ந்தது. நோட்டில் அப்படித்தான் எழுதினேன்.

பக்கத்திலேயே ராஜகுமாரன் கட்டிய குப்யௌக்ஜீ கோயில். உள்ளே கும்மிருட்டு, ஓவியங்களைப் படமெடுக்கக் கூடாது. டார்ச் வெளிச்சத்தில் சுவர் முழுக்கக் கட்டம் கட்டமாக, புத்தரின் முற்பிறவிகளைச் சொல்லும் ஜாதகக் கதைகள், கீழே மோன் மொழியில் குறிப்புகள். கண்ணுக்கு இருட்டு பழகப் பழக ஒவ்வொரு முகமாக வெளியே வருகிறது. ஒன்றரை மணி நேரம் இருந்தேன். வெளியே வந்தபோது செருப்பு வெயிலில் பழுத்துக் கிடந்தது. உள்ளே அணிந்துகொண்டு போகவும் முடியாது, வெளியே வெறுங்காலோடு நிற்கவும் முடியாது. தம்பி தாவித் தாவிப் போனதைப் பார்த்து தாமரைப் பாட்டி சுருட்டை எடுத்துவிட்டுச் சிரித்தார்.

ஏப்ரல் 14, ஞாயிறு – பகான்

விகாரி வருஷப் பிறப்பு. மகளுக்கு போன் செய்தேன், வடை வாசனை தவிர எல்லாம் கேட்டது. இங்கே இன்னும் புது வருஷம் பிறக்கவில்லை, 17-ஆம் தேதிதான். சங்கராந்தி என்ற சொல்தான் திங்யான் ஆகியிருக்கிறது. சூரியன் மேஷத்தில் நுழைவதுதான் இரண்டு பேருக்கும் கணக்கு. அப்புறம் ஏன் மூன்று நாள் தள்ளி?

விடுதிச் சுவரில் திங்யான் அறிவிப்பை ஒட்டியிருந்தார்கள். தம்பி படித்துச் சொன்னான். இந்திரன் இந்த வருஷம் எந்த வாகனத்தில், கையில் எதை ஏந்தி இறங்குகிறார், மழை எப்படி, விளைச்சல் எப்படி என்றெல்லாம் அதில் இருக்கிறது. நம் பஞ்சாங்கத்தின் முதல் பக்கங்களைப் பர்மிய மொழியில் கேட்ட மாதிரி இருந்தது. அதிலேயே விடையும் இருந்தது. சூரியன் கண்ணுக்குத் தெரிகிற கணக்கில் மேஷத்தில் நுழைவது 'அக்யா', அது இன்றைக்கு. நமக்கு அதோடு வருஷம் பிறந்துவிடுகிறது. அவர்கள் சராசரிக் கணக்குச் சூரியன் நுழையும்வரை, ஏறக்குறைய 2 நாள் 4 மணி நேரம், காத்திருக்கிறார்கள். அது 'அதத்'. மறுநாள்தான் புது வருஷம். நடுவில் கிடக்கிற நாட்கள் பழைய வருஷத்திலும் சேராது, புதிதிலும் சேராது என்பதுபோல் ஊர் முழுக்க ஆட்டம்.

தம்பி ஒரு கதையும் சொன்னான். ஒரு பிரம்மா இந்திரனிடம் பந்தயத்தில் தோற்றாராம். பந்தயம் எதைப் பற்றி? கணக்கைப் பற்றித்தானாம். தோற்றவரின் தலையை இந்திரன் வெட்டிவிட்டார். கடலில் போட்டால் கடல் வற்றும், தரையில் போட்டால் தரை எரியும். அதனால் தேவ கன்னிகைகள் வருஷத்துக்கு ஒருவராகத் தலையைக் கையில் ஏந்த வேண்டும். கை மாறுகிற நேரம்தான் புது வருஷம். தலை போன பிரம்மாவுக்கு யானைத் தலையை வைத்தார்கள், அவர்தான் நம் பிள்ளையார். கணக்கில் தோற்றவனுக்குத் தலை போகும் என்று எங்கள் ஆபீஸிலும் சொல்வார்கள், இவ்வளவு விவரமாகச் சொன்னதில்லை.

பத்து மணிக்கு வெளியே தலை காட்டியதுதான் தாமதம், பக்கெட், குழாய், துப்பாக்கி, வெள்ளித் தூக்கு, எல்லாவற்றிலும் தண்ணீர். பெரியவர்கள் தோளில் மெல்ல ஊற்றுகிறார்கள். சின்னப் பிள்ளைகளுக்கு அந்த நாகரிகம் இல்லை. ஒரு பொடியன் என் சட்டைப் பைக்குள்ளேயே ஊற்றினான். நோட்டு அங்கேதான் இருந்தது.

விடுதிக்கு வந்து பார்த்தால் 1112 மட்டும் நீலமாகக் கரைந்து பரவியிருந்தது. மற்றவையெல்லாம் போச்சு. பையனின் அம்மா ஓடிவந்து கை கூப்பி மன்னிப்புக் கேட்டு, கிண்ணம் நிறைய மோன்லோன்யேபோ கொண்டு வந்து வைத்தார். வெல்லம் வைத்த அரிசி உருண்டையை வெந்நீரில் போட்டு, மிதந்து வரும்போது எடுத்துத் தேங்காய்த் துருவல் தூவித் தருகிறார்கள். பூரணக் கொழுக்கட்டைதான், வேறொன்றுமில்லை. மூன்றாவது உருண்டையில் வெல்லத்துக்குப் பதில் பச்சை மிளகாய். அதுவும் பண்டிகை வழக்கமாம். என் கண்ணில் தண்ணீர் வந்ததைப் பார்த்து மன்னிப்புக் கேட்டவரே முதலில் சிரித்தார்.

ஏப்ரல் 15, திங்கள் – பகான்

கடை இல்லை. பஸ் இல்லை. அத்தை சொன்ன பிஸ்கட்டும் இல்லை. திரும்பிப் போக எடுத்திருந்த டிக்கெட், பண்டிகைக்காக வண்டி ஓடாது என்று முந்தின நாள்தான் சொல்லி ரத்தானது. விடுதிக்காரர்கள் தங்களுக்குச் சமைத்ததில் எங்களுக்கும் வைத்தார்கள். சோறு, பருப்பு, லபெட். ஊறவைத்த தேயிலையோடு வேர்க்கடலை, எள், வறுத்த பூண்டு, தக்காளி எல்லாம் கலந்தது. டீயைக் குடித்தே பழகிய நாக்கு முதலில் முரண்டு பிடித்தது, அப்புறம் தட்டை விடவில்லை. காசு எவ்வளவு கேட்டும் வாங்க மறுத்தார்கள்.

மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து கணக்கைத் திரும்பப் போட்டேன். இந்த முறை விடுதி ரசீதின் பின்பக்கம், பிளாஸ்டிக் உறையில்.

பர்மிய வருஷம் 474. இதற்கு ஒரு சுகமான குறுக்கு வழி இருக்கிறது. நம் சாலிவாகன சக வருஷத்திலிருந்து 560-ஐக் கழித்தால் போதும். சக வருஷம் 560 முடிந்ததும் பழைய எண்ணைத் துடைத்துவிட்டுப் புதிதாக எண்ணத் தொடங்கியதுதான் பர்மியச் சகாப்தம். பழைய பகான் ராஜா போபா சவ்ரஹான் செய்ததாக அவர்கள் சரித்திரம் சொல்கிறது. பேரேடு தடித்துப் போனதும் நிலுவையை எடுத்து எழுதிப் புதுப் பேரேடு போடுவோமே, அந்த வேலை. 1112-க்குச் சக வருஷம் 1034. அதில் 560 போனால் 474. இந்த வருஷத்துக்கும் போட்டுப் பார்த்தேன்: 1941-இல் 560 போனால் 1381. நாளை மறுநாள் பிறக்கப் போவது அதுதான்.

அந்தச் சகாப்தத்தின் முதல் நாள் 638 மார்ச் 22. இப்போது ஏப்ரல் 17-க்கு நகர்ந்து வந்துவிட்டது. இதில் மூன்று நாள் ஐரோப்பியர்கள் தங்கள் காலண்டரைத் திருத்தியதால் வந்த வித்தியாசம். மிச்சம் 23 நாளும் நட்சத்திரக் கணக்கு வருஷம் பருவ வருஷத்தைவிடக் கொஞ்சம் நீளம் என்பதால். ஏறக்குறைய 60 வருஷத்துக்கு ஒரு நாள் நகர்கிறது. நம் சித்திரை ஒன்றும் இதே வண்டியில்தான் போய்க்கொண்டிருக்கிறது. ராஜகுமாரன் காலத்தில் அது மார்ச்சிலேயே பிறந்திருக்கும்.

கலியில் 4213. விக்கிரம சகாப்தத்தில் 1169. அரசாங்கக் காலண்டரில் போடுகிற திருவள்ளுவர் ஆண்டில் 1143, இருபதாம் நூற்றாண்டில் வகுத்ததைப் பின்னோக்கி ஓட்டினால் வருவது. சீனர்களுக்கு டிராகன் வருஷம்.

மாமா கேட்டது நம் பெயர். அறுபது வருஷச் சுற்றில் பின்னோக்கிப் போனேன். விரல் விட்டு எண்ணி, தப்பாக எண்ணி, தம்பியைப் பட்டியல் சொல்லச் சொல்லி (அவனுக்குப் பிரபவ, விபவவுக்கு மேல் தெரியவில்லை, போனில் தேடினான்), கடைசியில் வந்து நின்றது நந்தன. 2012-ம் நந்தனதான். என் மகள் பிறந்த வருஷம். நடுவில் சரியாக 15 சுற்று. மூன்று நாளாக எண்ணாக மட்டும் இருந்த வருஷம் சட்டென்று வீட்டுப் பிள்ளை மாதிரி ஆகிவிட்டது. ஆனால் பெயர் மட்டும் சொன்னால் எந்த நந்தன என்று எப்படித் தெரியும்? அறுபது வருஷத்துக்கு மேல் ஞாபகம் தேவையில்லாத கணக்கு அது. தாத்தாவின் அடமானப் பத்திரத்துக்குப் போதும், கல்லுக்குப் போதாது.

ஏப்ரல் 16, செவ்வாய் – பகான்

மாலை வெயில் தாழ்ந்ததும் பழைய பகான் மதிலுக்குள் இருக்கிற விஷ்ணு கோயில், நட்-லாங் கியாங். அதன் பெயருக்கு, நட் தேவதைகளை அடைத்து வைத்த கோயில் என்று அர்த்தம் சொல்கிறார்கள். ஆயிரக்கணக்கான புத்தர்களுக்கு நடுவில் ஒரு பெருமாள். வெளிச்சுவரில் தசாவதாரத்துக்கு மாடங்கள், ஏழு சிற்பங்கள் மிச்சம். வாசலில் பதௌக் பூ விழுந்து தரை மஞ்சள். திங்யான் சமயத்தில்தான் பூக்கிற மரம், நம் வேங்கையின் பங்காளி. பெண்கள் கொத்தாகத் தலையில் செருகியிருந்தார்கள்.

பகானில் ஒரு தமிழ்க் கல்வெட்டும் கிடைத்திருக்கிறது. மலைமண்டலத்து மகோதயர்பட்டினத்திலிருந்து, அதாவது இன்றைய கொடுங்கல்லூரிலிருந்து, வந்த குலசேகர நம்பி என்பவர் இங்கே நானாதேசி விண்ணகர் என்ற பெருமாள் கோயிலுக்கு மண்டபமும் திருக்கதவும் எரிவதற்கு ஒரு விளக்கும் கொடுத்த செய்தி. மேலே குலசேகர ஆழ்வாரின் முகுந்தமாலையிலிருந்து ஒரு சமஸ்கிருத சுலோகம், கீழே தமிழ். ஊர்ப் பெயர் அரிவத்தனபுரம். ராஜகுமாரனின் அரிமர்த்தனபுரம்தான் வியாபாரியின் வாயில் அப்படி ஆகியிருக்கிறது. எழுத்தின் வடிவத்தை வைத்துத்தான் அது 13-ஆம் நூற்றாண்டு என்கிறார்கள். விளக்கைக் கொடுத்தவர் வருஷத்தைக் கொடுக்கவில்லை. கணக்கு எழுதுகிறவனுக்கு இதைவிட வருத்தம் கிடையாது. தேதி போடாத வவுச்சர்!

அவர் ஊர்க்காரர்களானால் 1112–13-ஐக் கொல்லம் ஆண்டு 287, 288 என்று எழுதியிருப்பார்கள். சோழநாட்டில் இது எதுவும் இல்லை. கங்கைகொண்ட சோழபுரத்தில் குலோத்துங்கன் 1070-இலிருந்து உட்கார்ந்திருக்கிறான். கல்தச்சன் நேராக "திரிபுவனச் சக்கரவர்த்திகள் ஸ்ரீகுலோத்துங்க சோழ தேவர்க்கு யாண்டு ௪௰௩-ஆவது" என்று செதுக்கிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவான். 43. ராஜா உட்கார்ந்த நாளே உலகம் தொடங்கிய நாள். இந்தப் பக்கம் இவர் திரிபுவனாதித்யர், அந்தப் பக்கம் அவர் திரிபுவனச் சக்கரவர்த்தி. நடுவில் கடல். மூன்று உலகத்தையும் ஒரே வருஷத்தில் இரண்டு பேர் ஆண்டுகொண்டிருந்தார்கள்.

தம்பிக்கு இது ரொம்பப் பிடித்துவிட்டது. "அண்ணே, ரெண்டு பேரும் ஃபேஸ்புக்ல இருந்திருந்தா சண்டை வந்திருக்கும்" என்றான்.

ஏப்ரல் 17, புதன் – பகான்

பர்மிய வருஷம் 1381. நேற்றுவரை பக்கெட்டோடு திரிந்த அதே ஜனங்கள் இன்று சலவைச் சட்டையில், குரலைத் தாழ்த்திப் பேசுகிறார்கள். பிளாஸ்டிக் பையில் மீன் வாங்கி ஐராவதியில் விடுகிறார்கள். விடுதிக்காரப் பெண்கள் தெருவில் இருக்கிற பாட்டிகளை வரிசையாக உட்கார வைத்து, சீயக்காய் மாதிரி ஒன்றைக் கரைத்துத் தலை கசக்கிவிட்டார்கள். நகமும் வெட்டிவிட்டார்கள். தாமரைப் பாட்டியும் அந்த வரிசையில். சுருட்டு இல்லாமல் அடையாளமே தெரியவில்லை.

நாளை வண்டி உண்டு என்று சொல்லிவிட்டார்கள். இருமடங்கு விலை. கொடுத்தேன்.

ஏப்ரல் 19, வெள்ளி – யாங்கோன்

ரசீதை மாமாவிடம் நீட்டினேன். மூக்குக்கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்தார். பாயின் 506-க்கு வந்ததும் சிரித்தார். நந்தனவைப் பார்த்து, "அட, இவ்வளவுதானா!" என்றார். முப்பது வருஷமாகக் கேட்காத கேள்விக்கு விடை தெரிந்தவரின் முகம் அப்படித்தான் இருக்கும் போல.

பிறகு உற்சாகம் வந்து, தன் வருஷத்தையும் போட்டுப் பார்க்கச் சொன்னார். டிரங்குப் பெட்டியிலிருந்து மடித்துப் பழுத்த இரண்டு காகிதங்கள் வந்தன. ஒன்று பிறந்தபோது எழுதிய ஜாதகம்: சர்வதாரி வருஷம், மாசி மாதம், புதன்கிழமை. இன்னொன்று பர்மியத்தில்: 1310, தபௌங் மாதம், வளர்பிறை. அடையாள அட்டையில் மார்ச் 1948.

நான் பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன்.

"மாமா, இது எப்படி வந்தது?"

"ஆபீஸ்ல 1310-ஓட 638-ஐக் கூட்டினாங்க, 1948. நம்ம பஞ்சாங்கத்துலயும் சர்வதாரிக்கு நேரா 1948-னுதான் போட்டிருக்கு. ரெண்டும் ஒத்துப்போச்சே!"

ஒத்துப்போனதுதான் வினை. சர்வதாரி பிறந்தது 1948 ஏப்ரலில். மாசி அதன் பதினோராவது மாதம். பர்மிய 1310-ம் அந்த ஏப்ரலில்தான் பிறந்தது, தபௌங் அதன் கடைசி மாதம். அதற்குள் ஜனவரி தாண்டிவிட்டது. மாமா பிறந்தது 1949 மார்ச். அட்டைப்படி எழுபத்தொன்று, நிஜத்தில் எழுபது. இரண்டு கணக்குமே தனித்தனியாக ஒரே இடத்தில் வழுக்கி விழுந்து, ஒன்றுக்கொன்று சாட்சி சொல்லிக்கொண்டு எழுபது வருஷம் ஓட்டியிருக்கின்றன. இந்த மாதிரித் தப்பை எங்கள் தொழிலில் கண்டுபிடிப்பது மகா கஷ்டம். ஐந்தொகை இரண்டு பக்கமும் சரியாக இருக்கும்.

மாமா கொஞ்ச நேரம் பேசவில்லை. கூண்டுக்குள் நிற்கிற கல்லின் வருஷத்தை 1112-ஆ 1113-ஆ என்று முப்பது வருஷம் பிள்ளைகளுக்கு விளக்கியவர் அவர்.

"அப்ப என்னை ஒரு வருஷம் முன்னாடியே வேலையை விட்டு அனுப்பிட்டாங்க."

"ஆமாம் மாமா."

சமையலறையிலிருந்து அத்தை கரண்டியோடு வந்துவிட்டார். "ஒரு வருஷச் சம்பளம் போனது கிடக்கட்டும். போன வருஷம் எழுபது முடிஞ்சதுன்னு பீமரத சாந்தி பண்ணினோமே, அது யாருக்கு?"

பேரன் சிரிப்பை அடக்க மாடிக் கயிறு பக்கம் போய் நின்றுகொண்டான். மாமா ரசீதை வாங்கி, நந்தன வருஷத்துக்குக் கீழே சர்வதாரி, 1310, 1949 என்று எழுதி மடித்து, டிரங்குப் பெட்டியில் வைத்தார்.

"நீங்க சரியாத்தான் போட்டிருக்கீங்க" என்றார் என்னிடம். பிறகு அத்தையைப் பார்த்து, குரலைத் தாழ்த்தி, "குருக்கள்கிட்ட மட்டும் சொல்லிடாதே. மறுபடி பண்ணணும்பார்."